இரண்டாவது பூச்சு

அத்தானுடைய முன்பற்கள் கறுத்துப்போன விஷயத்தை முதலிலிருந்து வரிசையாகச் சொல்லிவிடுவதுதான் நல்லது. நடுவில் வந்து பார்த்தவர்கள் எல்லோரும் அவரைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். அதனால் அவருக்கு நன்மைதான் நடந்தது என்பது வேறு விஷயம்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அவருக்கும் எனக்கும் ஒரே பெயின்ட் கடையில் வேலை. அவர் இருபத்திரண்டு வருடமாக முன்னால் கவுன்டரில் நிற்கிறார். நான் பின்னால், கலர் கலக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து கம்பெனிகளுக்கு எழுத வேண்டிய கடிதங்களை எழுதுகிறேன். டப்பா நசுங்கி வந்திருக்கிறது, கேட்ட ஷேடு வரவில்லை, வந்த ஷேடு நாங்கள் கேட்டதில்லை என்ற மாதிரியான கடிதங்கள்.

பெயின்டைப் பற்றி அத்தானுக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. தொல்லையே அதுதான். ஒருவர் வந்து ஒரு லிட்டர் வெள்ளை கேட்டால், அது எந்தத் திசை பார்த்த சுவர் என்று ஆரம்பிப்பார். அந்த அறைக்கு எத்தனை ஜன்னல், முன்னால் என்ன அடித்திருந்தது, சுவரைத் தடவினால் கையில் மாவு ஒட்டுகிறதா, மழைக்காலத்தில் அங்கே என்ன வாசனை வருகிறது என்று கேட்டுக்கொண்டே போவார். பிறகு வெள்ளையிலேயே பதினேழு வெள்ளை இருப்பதை எடுத்துச் சொல்லி, பதினேழையும் மேஜைமேல் பரப்புவார். வந்தவருக்குத் தன் வீட்டைப் பற்றித் தனக்கே ஒன்றும் தெரியாது என்ற கவலை வந்துவிடும். வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று நழுவி, தெருவைக் கடந்து எதிர்க் கடைக்குப் போய், ஒரு லிட்டர் வெள்ளையைக் கையில் தூக்கிக்கொண்டு போவார். என் மேஜையிலிருந்து பார்த்தால் கண்ணாடிக் கதவு வழியாக அது தெளிவாகத் தெரியும்.

இப்படி நாள் முழுக்கப் பேசுகிறவருக்குத் தொண்டை வறண்டுபோகும். அதற்காகப் பெப்பர்மின்ட் வைத்திருந்தார். காலையில் ஒன்றை மேலுதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் அடக்கினால், அது கரையக் கரைய அடுத்தது போய் உட்காரும். கடை சாத்தும்வரை அந்த இடம் காலியாக இருந்ததே இல்லை. பல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

போன வருடம் முதலாளி, புது மார்க்கெட் பக்கத்தில் இரண்டாவது கடை திறக்கப்போவதாகச் சொன்னார். அங்கே உட்கார ஒரு ஆள் வேண்டும். சாவி அவனிடம் இருக்கும், தனி நாற்காலி இருக்கும், அவன் வைத்ததுதான் அங்கே சட்டம். ஆறு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்வேன் என்றார். பார்ப்பதற்கு இரண்டே பேர்தான் இருந்தார்கள். அதில் நான் இல்லை. ஒருவர் அத்தான். இன்னொருவர் முதலாளியின் மகளைக் கட்டியவர். அவரைக் கடையில் எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம். மாப்பிள்ளைக்கு எமல்ஷனுக்கும் எனாமலுக்கும் வித்தியாசம் டப்பாவைப் படித்தால்தான் தெரியும். ஆனால் பல்வரிசை மட்டும் விளம்பரத்தில் வருகிற மாதிரி இருக்கும்.

அத்தானுக்கு அந்த நாற்காலி மேல் உயிர். இருபத்திரண்டு வருடம் நின்றே தீர்ந்த கால்கள். அக்காவிடமும் என்னிடமும் அதைப் பற்றித்தான் பேச்சு. மாப்பிள்ளைக்குத் தன்னைவிட என்ன கூடுதல் என்று யோசித்து யோசித்து, கடைசியில் கண்ணாடியைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். மேல்வரிசையில் முன்பற்கள் நான்கிலும் ஈறை ஒட்டிப் பழுப்பாக அரித்திருந்தது.

"கவுன்டர்ல நிக்கிறவனோட முதல் சரக்கே சிரிப்புதான் தம்பி," என்றார். "என் சரக்கு கெட்டுப்போயிருக்கு."

அடுத்த வியாழக்கிழமை கடைக்கு விடுமுறை. இருவரும் பல் டாக்டரிடம் போனோம். ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்த கிளினிக். டாக்டர் சின்ன வயதுப் பெண். மாஸ்க் போட்டிருந்ததால் கண்ணை மட்டும் பார்த்துப் பேச வேண்டியிருந்தது. பரிசோதித்துவிட்டு, நரம்புவரை போகவில்லை, துளைத்துச் சுத்தம் செய்து அடைத்துவிடலாம் என்றார். அத்தான் நாற்காலியில் சாய்ந்தார். துளைக்கும் கருவியை டாக்டர் காற்றில் வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். அந்தச் சத்தம் நின்றபோது அத்தான் நினைவில்லாமல் கிடந்தார். கருவி அவர் பக்கமே வரவில்லை என்பதை நான் சாட்சியாகச் சொல்ல முடியும்.

முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி உட்கார வைத்த பிறகு, துளைக்காமலே ஒரு வழி இருக்கிறது என்றார் டாக்டர். வெள்ளி கலந்த ஒரு ஃபுளோரைடு மருந்து. தண்ணீர் மாதிரி இருக்கும். சொத்தை விழுந்த இடத்தில் ஒரு சின்ன பிரஷ்ஷால் தடவினால் போதும். வெள்ளி கிருமியைக் கொல்லும், ஃபுளோரைடு பல்லைக் கெட்டிப்படுத்தும், அரிப்பு அங்கேயே நின்றுவிடும். வலி இல்லை, ஊசி இல்லை. வெள்ளி ஒவ்வாமை உண்டா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றார் அத்தான்.

"ஒரே ஒரு விஷயம்," என்றார் டாக்டர். "சொத்தை இருக்கிற இடம் கறுத்துடும். நல்லாவே கறுப்பா."

பக்கத்திலிருந்த படத்தைக் காட்டினார். இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் எழுந்து போய்விடுவார்களாம். அத்தானோ முகம் மலர்ந்தார். பிரஷ், தடவுவது, கறுப்பு என்ற வார்த்தைகளைக் கேட்டதும் அவருக்கு அது சொந்த ஊர் மாதிரி ஆகிவிட்டது. இரும்புக் கதவுக்குத் துருப்பிடிக்காமல் முதலில் ஒரு பூச்சு அடிப்பார்கள். அதற்குப் பிரைமர் என்று பெயர். பார்க்க அசிங்கமாக இருக்கும். விஷயம் தெரியாதவர்கள் அதைப் பார்த்துப் பதறுவார்கள். அதன்மேல் ஏறுகிற இரண்டாவது பூச்சுதான் நிறம். எத்தனையோ வாடிக்கையாளர்களுக்கு இதை விளக்கியவர் அவர்.

"புரியுது டாக்டர். முதல்ல அரிப்பை நிறுத்தணும். அப்புறம்தான் மத்தது," என்றார்.

"அதேதான். இந்தக் கறுப்பு தேய்ச்சாலும் போகாது."

"போகக் கூடாது. போனா அது என்ன சரக்கு?"

"ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பூசணும்."

"ரெண்டாவது கோட்."

"அப்படியும் வெச்சுக்கலாம்," என்று சிரித்தார் டாக்டர். பிறகு, "நிறம் உங்களுக்குத் தொந்தரவா இருந்தா அதுக்கு மேல..." என்று எதையோ சொல்ல ஆரம்பித்தார். அத்தான் அதை முடிக்க விடவில்லை. நிறத்தைப் பற்றி அவருக்கே இன்னொருவர் சொல்வதா? இருபத்திரண்டு வருட அனுபவத்தை எடுத்து விட ஆரம்பித்தார். மேற்பரப்பைத் தயார் செய்வது பற்றி, ஈரம் இருந்தால் பிடிக்காது என்பது பற்றி, ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவில் பொறுமை காக்காதவர்கள் பட்ட பாடு பற்றி. நிறத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாக இருக்கிற நோயாளியைத் தான் பார்த்ததே இல்லை என்று டாக்டர் பாராட்டினார். நிறம் நிரந்தரமாகக் கறுக்கும் என்பது எனக்கு விளக்கப்பட்டது என்று அச்சடித்த தாளில் அத்தான் கையெழுத்துப் போட்டார். கீழே சாட்சியாக நான் போட்டேன். எனக்கும் அது பிரைமர் என்றுதான் பட்டது. அதை மறைத்துப் பயனில்லை.

வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. உதட்டில் வாசலின் தடவி, பல்லைச் சுற்றிப் பஞ்சு வைத்து, காற்றடித்துக் காய வைத்தார்கள். ஒரு குட்டிக் கிண்ணத்தில் ஒரே ஒரு சொட்டு விட்டு, குண்டூசித் தலை அளவு பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டுத் தடவினார் டாக்டர். ஒரு சொட்டில் நான்கு பல் முடிந்ததே என்று அத்தானுக்கு வியப்பு. வாய் திறந்தபடி இருந்ததால் அதை விரலால் காட்டினார். வெளியே வந்ததும், வாயில் காசைப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது, ஆனால் நல்ல சரக்கு என்றார். சட்டைக் கையில் ஒரு துளி பட்டிருந்தது. அப்போது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை அது மசியாகக் கறுத்திருந்தது. அக்கா சோப்பு, எலுமிச்சை, கொதிநீர் என்று பார்த்தும் அசையவில்லை. அத்தானுக்குப் பரம திருப்தி.

பல்லும் அதே காலையில் கறுத்துவிட்டது. அக்கா தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அத்தான் என்னவோ கேட்க வாயைத் திறந்தார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடிப்போய் அங்கே நின்று சிரித்தாள்.

"என்னங்க, நாலு தீக்குச்சியை எரிச்சு செருகின மாதிரி இருக்கு," என்று உள்ளிருந்தே சொன்னாள்.

அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் அத்தான் வாயை மூடினார். ஆறு மாதத்துக்கு அது திறக்கவில்லை.

இதுதான் அவர் போட்ட கணக்கு. முடிவு வருவதற்கு ஆறு மாதம் இருக்கிறது. இரண்டாவது பூச்சுக்கும் ஆறு மாதம் இருக்கிறது. அதுவரை முதலாளி கண்ணில் இந்தப் பிரைமர் படக்கூடாது. பிறகு பளிச்சென்று வெள்ளையோடு போய் நிற்கலாம். மீசையைக் கத்தரிக்காமல் கீழே இறக்கி விட்டார். மேலுதட்டை இழுத்துப் பிடித்தபடி பேசக்கூடிய வார்த்தைகள் எவை என்று கண்ணாடி முன்னால் நின்று சோதித்துப் பார்த்தார். "ம்", "இல்ல", "பாப்போம்" என்று மூன்று தேறின.

பற்களையும் அவர் சும்மா விடவில்லை. இரண்டு பூச்சுக்கு நடுவில் பரப்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது தொழில் சட்டம். தூசி கூடாது, பிசுக்கு கூடாது. பெப்பர்மின்ட் டப்பாவை என் மேஜையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதுவரை காலையில் ஒருமுறை பேருக்குப் பல் தேய்த்தவர், இப்போது காலையும் இரவும் கடிகாரத்தைப் பார்த்து, சுவரை வழவழப்பாக்க உப்புத்தாள் தேய்க்கிற பக்குவத்தில், அழுத்தாமல் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தார்.

கடையில் என்ன நடந்தது என்பதை இனி எழுத வேண்டும்.

முதல் வாரம் வந்த ஒருவர் ஒரு லிட்டர் வெள்ளை கேட்டார். அத்தான் எடுத்துக் கொடுத்தார். வந்தவர் வாங்கிக்கொண்டு போனார். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக இது நடந்தபோது நான் எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். 

ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அவருக்கு நீலம் வேண்டும், அந்த அம்மாவுக்குச் சந்தன நிறம் வேண்டும். முன்பென்றால் அத்தான் இரண்டுமே தப்பு என்று நிரூபித்து, இருவரையும் சேர்த்தே வெளியே அனுப்பியிருப்பார். இப்போது ஷேடு கார்டைப் பிரித்து நடுவில் வைத்துவிட்டு, பேசுகிறவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒரு பெரிய மனிதர் முன்னால் சண்டை போடுகிறோமே என்று இருவருக்கும் கூச்சம் வந்துவிட்டது. ஹாலுக்குச் சந்தனம், அறைக்கு நீலம் என்று அவர்களே பேசி முடித்து, போகும்போது அத்தானுக்கு நன்றி சொன்னார்கள்.

ஒரு கம்பெனி ஆள் புது எமல்ஷனோடு வந்தான். வெளிச்சுவரில் அடித்தால் பத்து வருடம் அசையாது என்றான். அத்தான் அவனைப் பார்த்தார். அவன் டையைச் சரி செய்துகொண்டு, ஏழு வருடம் நிச்சயம் என்றான். அத்தான் பார்வையை எடுக்கவில்லை. வெயில் நேராகப் படாத இடமென்றால் ஐந்து என்றான். அத்தான் அப்போது மேலுதட்டை நன்றாக இழுத்துப் பிடித்திருந்தார். பற்கள் தெரிந்துவிடுமோ என்ற பயத்தைத் தவிர அவர் மனதில் வேறு எதுவும் இல்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். அவனுக்கு அந்தப் பார்வை எப்படித் தோன்றியதோ.

"சார், உங்ககிட்ட எதையும் மறைக்க முடியாது," என்றான். "போன லாட்டுல வந்த பெயின்ட் கொஞ்சம் உதிருது. நான் சொன்னதா சொல்லிடாதீங்க."

முதலாளி உள்ளறையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கம்பெனிக்கு அன்றைக்கே என்னை ஒரு கடிதம் எழுதச் சொன்னார். எழுதி முடித்ததைப் படித்துப் பார்த்துவிட்டு, கவுன்டர் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் அத்தானின் முதுகையே பார்த்தார்.

இதற்கு நடுவில் மாப்பிள்ளை என்ன செய்தார் என்றால், கவுன்டரில் காலியாகக் கிடந்த பேச்சை எடுத்துக்கொண்டார். அத்தான் வாயை மூடிக்கொண்டதால், கேட்கிற கேள்விக்கெல்லாம் அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல அவருக்குத் தொழில் பிடிபட்டது. நான்காவது மாதம், ஒரு லிட்டர் வெள்ளை கேட்ட ஒருவரிடம் அவர், அது எந்தத் திசை பார்த்த சுவர் என்று கேட்பதை என் காதால் கேட்டேன். அந்த ஆள் எதிர்க் கடைக்குப் போனார்.

வீட்டில்தான் சங்கடம். இருபது வருடமாக இந்த மனுஷன் கொஞ்சம் வாயை மூட மாட்டாரா என்று புலம்பிய அக்காவுக்கு, அவர் மூடியதும் வீடு காலியாகிவிட்டது. தீக்குச்சி என்று சொன்னதற்காகக் கோபம் என்று நினைத்து அவள் இரண்டு முறை மன்னிப்பும் கேட்டாள். கோபமில்லை என்பதை அத்தான் தலையை ஆட்டித் தெரிவித்தார். தலையாட்டலை நம்பி எப்படிக் குடும்பம் நடத்துவது?

பிறகு ஒருநாள் சாயங்காலம் அவர் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு பல் தேய்க்கும்போது, உள்ளிருந்து பேச ஆரம்பித்தார். கம்பெனி ஆள் வந்தது, டை, பத்து வருடம் ஐந்து வருடமானது எல்லாம் ஒன்று விடாமல் வந்தது. அக்கா கதவுக்கு வெளியே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. கடையிலிருந்து வந்ததும் அவர் உள்ளே போவார், இவள் முக்காலியைப் போடுவாள். வெங்காயம் உரித்தபடி, பட்டன் தைத்தபடி, நடுநடுவே இவளும் பதில் சொல்வாள். ஒருமுறை நான் போனபோது அவள் கதவைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

ஆறு மாதம் முடிந்த வியாழக்கிழமை வந்தது. அத்தான் புதுச் சட்டை போட்டுக்கொண்டார். சட்டைப்பையில் கடையிலிருந்து எடுத்து வந்த ஷேடு கார்டு இருந்தது. பதினேழு வெள்ளையும் உள்ள கார்டு. மூன்றைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். 

டாக்டர் ஒரு கம்பியால் அந்தக் கறுப்பைக் குத்தியும் சுரண்டியும் பார்த்தார். கல் மாதிரி இருக்கிறது என்றார். ஈறைப் பார்த்தார். ஈறு இவ்வளவு ஆரோக்கியமாக எப்படி ஆனது என்று கேட்டார். பரப்பைச் சுத்தமாக வைத்திருந்தேன் என்றார் அத்தான். உங்களை மாதிரி இன்னும் பத்துப் பேர் இருந்தால் நான் கடையைச் சாத்திவிட்டுப் போகலாம் என்று டாக்டர் மகிழ்ந்து, அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்தார். சின்னக் கறுப்புப் பாட்டில். 

அத்தான் எழுந்து உட்கார்ந்தார்.

"டாக்டர், இது பழைய பாட்டில்."

"அதே மருந்துதான். ரெண்டாவது தடவை பூசினா இன்னும் உறுதியா நிக்கும்."

"வெள்ளை எங்கே?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அத்தான் ஷேடு கார்டை எடுத்து, பென்சில் குறிகளைக் காட்டி, மெதுவாக விஷயத்தைச் சொன்னார். கேட்டு முடித்த டாக்டர் மாஸ்க்கைக் கழற்றினார். அப்போதுதான் முழு முகத்தையும் பார்த்தோம். அவர் சிரிக்கவில்லை. அது நல்ல படிப்பு படித்தவர்களுக்கே வரும்.

வெள்ளை என்று தனி மருந்து எதுவும் கிடையாது என்றார். இது கறுத்தது கறுத்ததுதான். ஆனால் பல் நிறத்திலேயே ஒரு அடைப்பு இருக்கிறது, அதைத் துளைக்காமலே இதன்மேல் வைத்து மூடலாம். லேசாகச் சாம்பல் நிழல் தெரியலாமே தவிர, தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. 

"அப்பவே ஏன் சொல்லல?" என்று நான் கேட்டேன்.

"சொல்ல ஆரம்பிச்சேன்," என்றார் டாக்டர். "சார் பேசிட்டு இருந்தார்."

அத்தான் ஷேடு கார்டை மெதுவாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். தன் பேச்சு தன்னிடமிருந்து ஆறு மாதத்தைப் பிடுங்கியிருக்கிறது என்பது உள்ளே போய்ச் சேர வேண்டுமல்லவா. பிறகு, பரவாயில்லை, முதலாளி இன்னும் முடிவைச் சொல்லவில்லை, அடுத்த வியாழக்கிழமை மூடிவிடலாம் என்றார். அன்றைக்கு நேரம் குறித்துக்கொண்டு வந்தோம். அக்காவிடம் சொன்னதும், முக்காலியைத் துடைத்துப் பரண்மேல் போடப்போவதாகச் சொன்னாள்.

திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டார். அத்தானையும் மாப்பிள்ளையையும் நிற்க வைத்தார், கடிதம் எழுத என்னையும் உள்ளே உட்கார வைத்தார். சுற்றி வளைக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. புதுக் கடை அத்தானுக்குத்தான் என்றார்.

"இருபத்திரண்டு வருஷமா நான் உங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். கொஞ்சம் பேச்சைக் குறைன்னேன். நீ கேக்கல. இந்த ஆறு மாசத்துல யாரும் சொல்லாமலே உன்னை நீ திருத்திக்கிட்ட. இந்த வயசுல ஒருத்தன் மாறுறது லேசுப்பட்ட விஷயமா?" என்றவர், மருமகன் பக்கம் திரும்பி, "மாப்ளே, இவர்கிட்ட நின்னு கத்துக்குங்க," என்றார். மாப்பிள்ளை கற்றுக்கொண்டதுதான் பிரச்சினை என்பது எனக்கு மட்டும் தெரியும். 

அத்தானுக்கு நன்றி சொல்ல வேண்டும். எழுந்த சொல் தொண்டைவரை வந்தது எனக்குத் தெரிந்தது. வாயைத் திறக்க முடியாததால் கும்பிட்டார்.

"பாத்தீங்களா," என்றார் முதலாளி. "இப்பக்கூட ஒரு வார்த்தை பேசல. இனிமேயும் நீ இப்படியே இருக்கணும். புதுக் கடையில வளவளன்னு கேட்டுச்சுன்னா அன்னிக்கே சாவியை வாங்கிடுவேன்."

அன்று சாயங்காலமும் அடுத்த நாளும் அத்தான் பேசுவதற்குக் குளியலறைக்குள் போகவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தபடி இருந்தார். புதன்கிழமை நான் போனபோது, கதவு மறுபடி தாழிட்டிருந்தது, அக்கா வெளியே முக்காலியில் இருந்தாள். உள்ளிருந்து அவர் குரல் வந்தது. பல் வெள்ளையானால் நான் சிரிப்பேன், சிரித்தால் பேசுவேன், பேசினால் நிறுத்த மாட்டேன், அது எனக்கு நன்றாகத் தெரியும், இந்தக் கறுப்பு இருக்கிறவரைக்கும்தான் சாவி என்னிடம் இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்ப இனிமே இந்தக் கதவுகிட்டத்தான் குடும்பமா?" என்று கேட்டாள் அக்கா.

உள்ளே அவர் குழாயைத் திறந்துவிட்டார். அவள் முக்காலியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வியாழக்கிழமை அத்தானும் நானும் கிளினிக்குப் போனோம். டாக்டர் அடைப்புக்கான நிற மாதிரிகளை, சின்னச் சின்னப் பல் வடிவத்தில் வரிசையாக ஒரு தட்டில் எடுத்து வைத்திருந்தார். அத்தான் அவற்றை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஆசையோடு பார்த்தார். பார்த்துவிட்டுத் தட்டிலேயே வைத்தார்.

"வேணாம் டாக்டர். அந்தக் கறுப்பையே இன்னொரு தடவை பூசிடுங்க."

காரணத்தை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. டாக்டர் ஒன்றும் புரியாமல் பூசி முடித்தார். மூடுவதற்கு வாய்ப்பிருந்தும், விருப்பப்பட்டுக் கறுப்பை வைத்துக்கொண்ட முதல் ஆள் நீங்கள்தான் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி ஒரு உதவி கேட்டார். வெளியே காத்திருப்பவர்களில் ஒரு பெரியவர் இருக்கிறார், அவருக்கும் இதே மருந்துதான் சரி, ஆனால் நிறத்தைக் கேட்டதும் மாட்டேன் என்கிறார், நீங்கள் உங்கள் பல்லை மட்டும் ஒருமுறை காட்டிவிட்டுப் போக முடியுமா என்று.

அத்தான் வெளியே வந்தார். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். கடைக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. பெரியவரின் எதிரில் போய் நின்று, மீசையை ஒதுக்கி, வாயைத் திறந்து காட்டினார். அப்படித் திறந்த வாய் மூடவில்லை.

"இப்ப உங்க வீட்டு இரும்பு கேட்டையே எடுத்துக்குங்க," என்று ஆரம்பித்தார். "எந்தத் திசை பாத்தது அது?"

துருவில் தொடங்கி, பரப்பைத் தயார் செய்வது, ஈரம், காய விடுவது, பெப்பர்மின்ட், இரவில் பல் தேய்ப்பது எல்லாம் வந்தது. பதினேழு வெள்ளையும் வந்தது. ஒருவர் எழுந்து, வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று படியிறங்கிப் போனார். ஆனால் மற்றவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். பல்வலிக்காரர்கள் எங்கே போவார்கள். முக்கால் மணி நேரம் கழித்துப் பெரியவர், சரி, எனக்கும் அதையே பூசிவிடுங்கள் என்று தானாக உள்ளே போனார். அவருக்குப் பின்னால் ஒரு அம்மாவும் போனார். டாக்டர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, வியாழக்கிழமைகளில் சார் வேலையாக இருப்பாரா என்று என்னிடம் கேட்டார்.

இப்போது புதுக் கடை திறந்து நான்கு மாதம் ஆகிறது. சாவி அத்தானிடம்தான் இருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் அவர் அங்கே ஒரு வார்த்தை பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், சரக்கு தானாக நகர்கிறது. வியாழக்கிழமை காலையில் மீசையை ஒதுக்கிச் சீவிக்கொண்டு கிளினிக்குக் கிளம்பிவிடுகிறார். அக்காவும் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு கூடவே போகிறாள். பெஞ்சில் முதல் இடத்தில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்தபடி, டாக்டர் மதியம் கிளினிக்கைப் பூட்டும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பல்லில் ஒரு குறையும் இல்லை.